பிஐ3கே நொதிகள்: நால்வரில் யாரைத் தேர்வது?

ஆய்வு மாணவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: “பிஐ3கே நொதிகளை அடக்கும் எல்ஒய்294002 என்ற தடுப்பானைப் போட்டேன், சமிக்ஞை நின்றுவிட்டது. ஆகவே என் செல்லில் வேலை செய்வது பிஐ3கே தான் என்று தெரிகிறது. ஆனால் அது ஆல்ஃபாவா, பீட்டாவா, டெல்டாவா, காமாவா? எதை மையமாக வைத்து அடுத்த மூன்று ஆண்டுகளைச் செலவிடுவது?” கேள்வி சரியானது. ஆனால் பெரும்பாலோர் இதற்கு விடை தேடும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. எந்த வகையைப் பற்றிக் கட்டுரைகள் அதிகம் வந்திருக்கின்றனவோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஆல்ஃபாதான் எப்போதும் வெல்லும். செல்லோ கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை.

முதலில் இந்த நால்வரும் எவ்வளவு ஒத்தவர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். செல் சவ்வின் உட்புறத்தில் பிப்2 என்ற கொழுப்பு மூலக்கூறு இருக்கிறது. அதன் வளையத்தின் மூன்றாம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றினால் அது பிப்3 ஆகிறது. பிப்3 தோன்றிய இடத்துக்கு ஏகேடி போன்ற புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. வளர், பிரி, நகர், சர்க்கரையை உள்ளே இழு என்ற கட்டளைகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. ஏற்றிய பாஸ்பேட்டைக் கழற்றும் வேலை பிடென் என்ற நொதியுடையது. முதல் வகுப்பு பிஐ3கே நொதிகள் நான்கும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். நான்கின் வினைப்பகுதியும் ஏறக்குறைய 110 கிலோடால்டன் எடை கொண்டது. பி110 என்ற பெயர் அதனால் வந்தது.

வேலை ஒன்று, விளைபொருள் ஒன்று. அப்படியானால் நான்கு எதற்கு? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்களே, அதுதான் இங்கே கதை. இவற்றுக்குள் வேறுபாடு எதைச் செய்கின்றன என்பதில் இல்லை. யார் அழைத்தால் எழுகின்றன, எந்தச் செல்லில், எந்த நொடியில் என்பதில் இருக்கிறது.

எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்களை நான் வைத்திருக்கிறேன்.

ஒன்று, உங்கள் செல்லில் அந்த வகை இருக்கிறதா. இரண்டு, அதை எழுப்பும் ஏற்பி எது. மூன்று, அதை அடக்கினால் அந்த இடத்தை வேறு உடன்பிறப்பு பிடித்துக்கொள்கிறதா. நான்கு, அதை மட்டும் தொடும் தடுப்பான் கிடைக்கிறதா. ஐந்து, முழு உடலில் அதை அடக்கும்போது உடல் கேட்கும் விலை என்ன.

இவை சம எடை கொண்டவை அல்ல. இரண்டாவதுதான் தலையாயது. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்: ஆர்என்ஏ அளவைப் பார்த்து, அதிகம் இருப்பதே முக்கியம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆல்ஃபாவும் பீட்டாவும் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கின்றன. ஆகவே இருப்பதை அளந்து அவை இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஆல்ஃபா: இன்சுலின் அழைத்தால் எழுபவர்

இன்சுலின், வளர்ச்சிக் காரணிகள் ஆகியவற்றின் ஏற்பிகள் டைரோசின் கைனேஸ் வகையைச் சேர்ந்தவை. அவை அழைக்கும்போது முதலில் எழுவது ஆல்ஃபா. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இன்சுலினுக்குப் பதில் சொல்லும் முதன்மை நொதி இதுதான் என்பதை 2006இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆல்ஃபா இல்லாத சுண்டெலிக் கரு பத்தாம் நாளை ஒட்டியே இறந்துவிடுகிறது.

புற்றுநோயில் இதன் பங்கு 2004இல் வெளிப்பட்டது. இதன் மரபணுவில் 542, 545, 1047 ஆகிய மூன்று இடங்களில் பிறழ்வுகள் குவிந்திருப்பதைக் கண்டார்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் ஆல்ஃபா பிறழ்ந்திருக்கிறது. அல்பெலிசிப் என்ற தடுப்பான் 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024 அக்டோபரில் இனவோலிசிப் வந்தது.

கருவியாக அல்பெலிசிப் நல்ல கருவி. ஆல்ஃபாவின் வினைத்திறனைப் பாதியாக்க 5 நானோமோலார் போதும்; டெல்டாவுக்கும் காமாவுக்கும் 250 முதல் 300 வரை வேண்டும், பீட்டாவுக்கு ஏறத்தாழ 1,200. இந்த இடைவெளி தற்செயலாக வந்ததல்ல. ஆல்ஃபாவின் 859ஆம் இடத்தில் உள்ள குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை இந்த மருந்து பிடித்துக்கொள்கிறது. மற்ற மூவரிடமும் அந்த இடத்தில் வேறு அமினோ அமிலங்கள் இருக்கின்றன.

மறைந்திருக்கும் விலை சர்க்கரை. மருத்துவச் சோதனையில் அல்பெலிசிப் எடுத்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது. இதைப் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கல்லீரலிலும் தசையிலும் இன்சுலினின் கட்டளை நின்றுபோனதால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏறியதால் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் புற்றுக்கட்டிக்குப் போய், மருந்து அடக்கிய பாதையை மீண்டும் திறந்துவிடுகிறது. சுண்டெலிகளில் இது 2018இல் நேரடியாகக் காட்டப்பட்டது. உணவில் மாவுச்சத்தைக் குறைத்து இன்சுலினை அடக்கியபோது அதே மருந்து கூடுதலாக வேலை செய்தது. ஆகவே விலங்குகளில் ஆல்ஃபாவை அடக்கும் ஆய்வு செய்பவர்கள் இன்சுலினை அளக்காமல் முடிவு எழுதுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

ஆல்ஃபாவைத் தேர்ந்தெடுங்கள்: உங்கள் கேள்வி இன்சுலினைப் பற்றியது என்றால், ரத்த நாள வளர்ச்சியைப் பற்றியது என்றால், அல்லது உங்கள் செல்லிலேயே ஆல்ஃபா பிறழ்ந்திருந்தால். மார்பகப் புற்றுச் செல் வகைகளான எம்சிஎஃப்-7இல் 545ஆம் இடத்திலும், டி47டியில் 1047ஆம் இடத்திலும் பிறழ்வு இருக்கிறது.

பீட்டா: இரண்டு வாசல் உள்ள வீடு

நால்வரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர் பீட்டா. ஆல்ஃபாவைப் போலவே எங்கும் இருப்பதால், ஆல்ஃபாவுக்கு மாற்று ஆட்டக்காரர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இதை எழுப்பும் வழியே வேறு. ஜி-புரதத்தோடு இணைந்த ஏற்பிகள் விழிக்கும்போது அந்த ஜி-புரதத்திலிருந்து பிரிந்து வரும் பீட்டா-காமா துணையலகு (பெயர் ஒற்றுமைதான்; நம் நால்வரில் உள்ள பீட்டாவோ காமாவோ அல்ல) இதை நேரடியாகத் தொட்டு எழுப்புகிறது; ஆல்ஃபாவுக்கு அது முடியாது. டைரோசின் கைனேஸ் பக்கத்திலிருந்தும் அழைப்பு வரும். இரண்டு அழைப்பும் சேர்ந்து வரும்போது பீட்டா நன்றாக எழும். மற்ற மூவரும் கைகோக்கும் ராஸ் புரதத்துக்குப் பதில் ராக், சிடிசி42 ஆகியவற்றோடு இது கைகோக்கிறது என்பதும் 2013இல் தெரியவந்தது.

இது முன்னணியில் நிற்கும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று ரத்தத் தட்டணுக்கள். 2005இல் டிஜிஎக்ஸ்-221 என்ற தடுப்பானைக் கொண்டு பீட்டாவை அடக்கியபோது, விலங்குகளில் ரத்த நாளத்துக்குள் உறைகட்டி உருவாவது தடைப்பட்டது. ரத்தப்போக்கு நேரமோ நீளவில்லை. இன்னொன்று பிடென் இழந்த புற்றுநோய். சுண்டெலியின் புரோஸ்டேட் சுரப்பியில் பிடென்னை நீக்கினால் கட்டி வரும். அதோடு சேர்த்து ஆல்ஃபாவை நீக்கியபோது கட்டி நிற்கவில்லை. பீட்டாவை நீக்கியபோது நின்றது. 2008இல் வந்த இந்த முடிவு, ஆல்ஃபாதான் எல்லாவற்றுக்கும் தலைமை என்ற நினைப்பைத் தகர்த்தது.

ஆனால் எல்லாப் பிடென் இழப்பும் பீட்டாவைத்தான் நம்பியிருக்கிறது என்று விதி எழுதிவிடாதீர்கள். இங்கேதான் மூன்றாவது அளவுகோல் வருகிறது. நான் செய்த பிழை ஒன்றையே சொல்கிறேன். புரோஸ்டேட் புற்றுச் செல்களில் பீட்டாவை அடக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில், புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் எடுத்தேன். பாஸ்பேட் ஏறிய ஏகேடியின் கறுப்புப் பட்டை அறவே மறைந்திருந்தது. படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அதையே நான்கு முறை திரும்பச் செய்தேன். நான்கு முறையும் ஒரு மணி நேரத்தில்தான் எடுத்தேன். செல்கள் மட்டும் சாகவில்லை. பல மாதங்கள் கழித்து 24 மணி நேரம் வைத்திருந்த தட்டு ஒன்றையும் சேர்த்து ஓட்டியபோது, அந்த வரிசையில் பட்டை திரும்ப வந்திருந்தது. மங்கலாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல். 2015இல் வந்த இரண்டு ஆய்வுகள் இதன் காரணத்தை விளக்கியிருக்கின்றன. பீட்டாவை அடக்கினால் வளர்ச்சி ஏற்பிகள் மீதான பின்னூட்டத் தடை தளர்ந்து ஆல்ஃபா எழுந்துவிடுகிறது. ஆல்ஃபாவை அடக்கினால் பீட்டா வழியாகப் பிப்3 மெல்லத் திரும்புகிறது. ஒருவரை உட்கார வைத்தால் மற்றவர் எழுந்து நிற்கிறார்.

மருத்துவத்தில் பீட்டாவை மட்டும் குறிவைத்த மருந்து எதுவும் இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. டிஜிஎக்ஸ்-221 சோதனைக்கூடத்துக்கு நல்லது. ஆனால் 100 நானோமோலாரை ஒட்டியே டெல்டாவையும் தொட ஆரம்பித்துவிடும். வெள்ளணுக்களில் இதைத் தாராளமாகப் போட்டுவிட்டு, கிடைத்த விளைவு பீட்டாவுடையது என்று எழுதினால் அது தவறாகிவிடும்.

பீட்டாவைத் தேர்ந்தெடுங்கள்: தட்டணுக்களில் வேலை செய்பவர் என்றால், பிசி-3, எல்என்கேப் ஆகிய புரோஸ்டேட் புற்றுச் செல்களைப் போலப் பிடென் இழந்த செல்கள் உங்களிடம் இருந்தால், அல்லது ரத்த வெள்ளணு அல்லாத செல்லில் ஜி-புரத ஏற்பியைத் தூண்டுகிறீர்கள் என்றால்.

டெல்டா: கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய்

1997இல் அடையாளம் காணப்பட்ட டெல்டா பெரும்பாலும் ரத்த வெள்ளணுக்களில் வாழ்வது. பி செல், டி செல் ஏற்பிகளும் சைட்டோகைன் ஏற்பிகளும் இதை எழுப்புகின்றன. இருக்கும் இடம் குறுகியது என்பதால் மருந்துக்கு ஏற்றது என்று எல்லோரும் நம்பினார்கள். 2014 ஜூலையில் ஐடெலாலிசிப் அனுமதி பெற்றது. நாள்பட்ட லிம்போசைட்டிக் லூக்கீமியா நோயாளிகளில் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் சட்டென்று சுருங்கின.

பிறகு விலை தெரிந்தது. கல்லீரல் பாதிப்பு, கடுமையான வயிற்றுப்போக்கு, பெருங்குடல் அழற்சி, நுரையீரல் அழற்சி. 2016இல் நோயின் தொடக்க நிலையில் இதைச் சோதித்த ஆய்வுகள், நோய்த்தொற்றால் ஏற்பட்ட மரணங்களின் காரணமாக நிறுத்தப்பட்டன. 2022இல் இரண்டு லிம்போமா வகைகளுக்கான அனுமதியை நிறுவனமே அமெரிக்காவில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதில் என்னை இன்றும் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. டெல்டாவின் வினைத்திறனை மட்டும் அழித்த சுண்டெலிகளைப் பற்றி 2002இலேயே ஆய்வு வந்துவிட்டது. அந்த எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்கு டெல்டா தேவை. அதை அடக்கினால் கடிவாளம் கழன்றுவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே எலி சொல்லிவிட்ட செய்தி அது. ஆனால் அதே குணத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. கடிவாளம் கழன்றால் உடல் திடக்கட்டிகளையும் தாக்கும் என்று 2014இல் எலிகளில் காட்டினார்கள். ஒரே பண்பு லூக்கீமியா நோயாளிக்குத் தீங்காகவும், வேறொரு புற்றுநோயில் வாய்ப்பாகவும் நிற்கிறது.

எதிர்த்திசையில் பாருங்கள். டெல்டாவின் 1021ஆம் இடத்தில் குளுட்டமேட் லைசினாக மாறிய குடும்பங்களில் அது ஓயாமல் வேலை செய்கிறது. எதிர்ப்பு சக்தி கூட வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தக் குழந்தைகளுக்குச் சளி, காது, நுரையீரல் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. டி செல்கள் காலத்துக்கு முன்பே சோர்ந்துவிடுகின்றன. இந்த நோய் 2013இல் விவரிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் இதற்காகவே லெனியோலிசிப் என்ற டெல்டா தடுப்பான் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டெல்டாவை முழுதாக நிறுத்துவதும், மிகையாக எழுந்ததை இயல்புக்கு இறக்குவதும் வெவ்வேறு வேலைகள். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போது நீங்கள் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

காமா: நொதி மட்டும் அல்லாத நொதி

மற்ற மூவரும் பி85 குடும்பத்தைச் சேர்ந்த, வினைப்பகுதியை ஒழுங்குபடுத்தும் துணையலகோடு சேர்ந்து வாழ்பவர்கள். காமா தனி வழி. அதன் துணைகள் பி101, பி84. ஜி-புரத ஏற்பிகளின் அழைப்புக்கு எழுவது. முதன்மையான இருப்பிடம் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளணுக்கள்.

நியூட்ரோஃபில் ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பாக்டீரியாவின் வாசனை போன்ற ஒரு பெப்டைடை நுண்குழாயால் ஒரு பக்கம் விடுங்கள். சில நொடிகளில் உருண்டை நீள்கிறது. பெப்டைடு வரும் பக்கம் மெல்லிய திரைபோல் விரிகிறது. பின்பக்கம் வாலாகச் சுருங்குகிறது. பிப்3-ஐ ஒட்டும் ஒளிரும் புரதத்தைச் செல்லுக்குள் வைத்திருந்தால், முன்விளிம்பில் மட்டும் பிறைநிலா போல் பச்சை ஒளி தெரியும். காமா இல்லாத எலிகளின் நியூட்ரோஃபில்கள் இப்படிச் செல்வதில் தடுமாறுகின்றன. 2000இல் மூன்று குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின.

நேரத்தையும் கவனியுங்கள். முன்கூட்டியே தூண்டி வைத்த மனித நியூட்ரோஃபில்லில் முதல் அலைப் பிப்3-ஐக் காமா உண்டாக்குகிறது. அதைத் தொடர்ந்து நீடிக்கும் இரண்டாம் அலை டெல்டாவுடையது. சுண்டெலியில் இப்படி இல்லை என்று 2005இல் கண்டார்கள். எலியில் கிடைத்த விடையை மனித ரத்தத்துக்கு அப்படியே தூக்கிப் போடுபவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

காமாவின் பெரிய மறைவிலை இதயத்தில் இருக்கிறது. 2004இல் இத்தாலியக் குழுவொன்று இரண்டு வகை எலிகளை ஒப்பிட்டது. ஒன்றில் காமா புரதமே இல்லை. மற்றொன்றில் புரதம் இருந்தது, வினைத்திறன் மட்டும் இல்லை. இரண்டின் மகாதமனியையும் இறுக்கி இதயத்துக்குச் சுமை கொடுத்தார்கள். புரதமே இல்லாத எலியின் இதயம் கெட்டது. வினைத்திறன் மட்டும் இழந்த எலியின் இதயம் தாக்குப்பிடித்தது. காரணம், காமா இதயத் தசையில், சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறைச் சிதைக்கும் பிடிஇ3பி என்ற வேறொரு நொதியைத் தாங்கி நிற்கும் சாரமாகவும் இருக்கிறது. சாரத்தைப் பிடுங்கினால் சைக்ளிக் ஏஎம்பி கட்டுமீறி ஏறிவிடுகிறது.

நீக்குவதா, அடக்குவதா?

அந்த எலிகளை நினைத்துக்கொண்டே இந்தக் கேள்வியைப் பாருங்கள். எந்த வகை என்பதைத் தேர்ந்த பிறகு, எப்படி அணைப்பது என்பது இரண்டாம் தேர்வு. ஆனால் முடிவையே மாற்றிவிடக்கூடிய தேர்வு.

மரபணுவை நீக்குவது தெளிவானது போல் தோன்றும். பீட்டாவை முழுதாக நீக்கினால் எலிக் கரு தொடக்கத்திலேயே இறக்கிறது. வினைத்திறனை மட்டும் அழித்தால் சில எலிகள் பிறந்து வளர்கின்றன. ஒரு பி110-ஐ எடுத்துவிட்டால் பி85 பங்கீடும் மாறி, மற்ற உடன்பிறப்புகளின் அளவும் குலையலாம். மருந்தின் விளைவை முன்கூட்டி அறிய விரும்பினால், புரதத்தை விட்டுவைத்து வினைத்திறனை மட்டும் அழித்த செல்லோ எலியோதான் சரியான ஒப்பீடு. இந்தப் புரதம் வேறு எதையாவது தாங்கி நிற்கிறதா என்பதே கேள்வி என்றால், நீக்கம் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

பழைய தடுப்பான்களைப் பற்றி ஒரு சொல். வோர்ட்மன்னின் நால்வரையும் ஒருசேரத் தாக்கும். வளர்ப்புக் கரைசலில் நீண்ட நேரம் நிலைக்கவும் செய்யாது. எல்ஒய்294002 எம்டோர், சிகே2, புரோமோடொமைன் புரதங்கள் என்று முதல் வகுப்பு பிஐ3கே அல்லாத பலவற்றையும் தொடுகிறது. அதை வைத்து “பிஐ3கே தான்” என்ற முதல் முடிவுக்கு வந்திருந்தால், அந்த முடிவையே புதிய தடுப்பான் ஒன்றால் மறுபடி சரிபார்த்துவிட்டுப் பிறகு வகையைத் தேடுங்கள்.

| | ஆல்ஃபா | பீட்டா | டெல்டா | காமா |
|---|---|---|---|---|
| இருப்பிடம் | எங்கும் | எங்கும் | பெரும்பாலும் வெள்ளணுக்கள் | பெரும்பாலும் வெள்ளணுக்கள்; இதயத்திலும் |
| எழுப்புவது | இன்சுலின், வளர்ச்சிக் காரணி ஏற்பிகள் | ஜி-புரத ஏற்பிகள், டைரோசின் கைனேஸும் சேர்ந்து | பி, டி செல் ஏற்பிகள், சைட்டோகைன் | ஜி-புரத ஏற்பிகள் |
| இடம் பிடிப்பவர் | பீட்டா | ஆல்ஃபா | செல்லைப் பொறுத்தது | மனித நியூட்ரோஃபில்லின் பின் அலையில் டெல்டா |
| உடல் கேட்கும் விலை | ரத்தச் சர்க்கரை | எலிகளில் ஆண் மலட்டுத்தன்மை | குடல், கல்லீரல், தொற்று | நீக்கினால் சுமை ஏறிய இதயம் |
| அங்கீகரித்த தனி மருந்து | உண்டு | இல்லை | உண்டு | இல்லை |

இன்னும் தெரியவில்லை என்றால்

வெள்ளணுவில் வேலை செய்து, தூண்டுவது பி செல் ஏற்பி என்றால் டெல்டாவில் தொடங்குங்கள். வெள்ளணுக்களை ஈர்க்கும் கீமோகைன் என்றால் காமாவில். வெள்ளணு அல்லாத செல்லில் இன்சுலின் என்றால் ஆல்ஃபா. இவை எதிலும் அடங்காத செல் என்றால், நான்கு தடுப்பான்களையும் ஒரே நாளில், ஒரே செல் வளர்ப்பில், ஒவ்வொன்றையும் மூன்று அளவுகளில் போட்டுப் பாருங்கள். சீரம் இருக்கும் கரைசலில் செய்யாதீர்கள். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் ஆல்ஃபாவை எழுப்பியே வைத்திருக்கும், உங்கள் ஏற்பி யாரை அழைத்தது என்பது தெரியாமல் போய்விடும். ஏகேடியின் 473ஆம் செரினை மட்டும் பார்க்காமல் 308ஆம் திரியோனினையும் பாருங்கள். பிப்3-க்கு அதுவே நெருங்கிய சாட்சி, 473-இல் பாஸ்பேட் ஏற்றுவது எம்டோர் சார்ந்த வேறொரு கூட்டு. 5 நிமிடம், 1 மணி, 6 மணி, 24 மணி என்று நான்கு நேரங்களில் செல்களை எடுங்கள். கடைசித் தட்டை எடுக்க மறுநாள் காலை ஆய்வகத்துக்கு வர வேண்டியிருக்கும், வந்துவிடுங்கள்.